ஒரு கடைக்குள் இரு வியாபாரம்

கொழும்புச் செட்டியார் தெருவிலே நகைக்கடையின் பின்கட்டில் பொற்கொல்லர் ஒருவர் பட்டறை வைத்திருப்பார். யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலே புடைவைக் கடையின் விறாந்தையில் தையற்காரர் ஒருவர் தம் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பார். மருந்துக் கடையின் ஓரத்து அறையில் மாலை வேளைகளில் வைத்தியர் ஒருவர் நோயாளரைப் பார்ப்பார். பலசரக்குக் கடையின் முன்மேசையில் இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசிகளைக் கழற்றித் திருத்திக்கொண்டிருப்பார். மட்டக்களப்பாயினும் கண்டியாயினும் திருகோணமலையாயினும், நம் நாட்டுப் பட்டினம் ஒவ்வொன்றிலும் கடைவீதியிற் செல்வோர் நாள்தோறும் காணும் காட்சிகள் இவை.

இவ்வாறு இடத்தைப் பகிர்ந்துகொள்வதில் இரு பகுதியாருக்கும் நன்மை உண்டு. முழுக் கடையொன்றை எடுத்து நடத்த முதல் இல்லாதவர் ஒரு மூலையைப் பெற்றுத் தொழிலைத் தொடங்கலாம். இடம் கொடுப்பவருக்கோ வாடகைச் சுமையில் ஒரு பங்கு குறைகின்றது. சட்டை தைக்க வந்தவர் துணியையும் அங்கேயே வாங்குவார். மருத்துவரிடம் வந்தவர் மருந்தையும் அங்கேயே பெறுவார். ஆகவே இவ்வழக்கம் பெருகி வருவதிலே வியப்பில்லை.

வியப்புக்குரியது, இந்த ஏற்பாடு செய்யப்படும் விதமே. “அண்ணை, அந்த மூலையிலை ஒரு மேசை போட இடம் தாருங்கோ” என்று ஒருவர் கேட்பார். “அதுக்கென்ன தம்பி, போடும்; மாசம் ஏதோ பார்த்துத் தாரும்” என்று மற்றவர் சொல்லுவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். சற்றுக் கவனமுள்ளவராயின் கொப்பித் தாளொன்றிலே நான்கு வரி எழுதி, முத்திரையொட்டிக் கையெழுத்திட்டுக்கொள்வர். பின்னர் மனைவியின் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போகும். அந்தப் பணத்திலே முற்பணம் கொடுபடும். மேசையும் அலுமாரியும் மின்விளக்கும் வந்துசேரும். குடும்பத்தின் சோறு அந்த மூலையிலிருந்தே வரத் தொடங்கும்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்று நம் முன்னோர் கேட்டனர். இருக்கலாம் என்பதே எமது எண்ணம். ஆயின் உறையை அதற்கேற்பத் தைத்திருத்தல் வேண்டும். அதைத் தைக்கும் முறையையே இக்கட்டுரையில் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

கடையொன்றில் இடம் பெறப் போகின்றவர் வழக்கமாக முதலிற் கேட்பது, “மாசம் எவ்வளவு?” என்பதே. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எமக்கு இடம் கொடுப்பவருக்கு அப்படிக் கொடுக்கும் உரிமை இருக்கின்றதா?

பெரும்பாலான கடைகளிலே இடம் கொடுப்பவர் கட்டிடத்தின் சொந்தக்காரர் அல்லர். அவரே ஒரு வாடகைக்காரர். தம்மிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. சொந்தக்காரருக்கும் அவருக்கும் இடையிலுள்ள குத்தகை உறுதியிலே, “கட்டிடத்தையோ அதன் பகுதியையோ பிறருக்குக் கீழ்வாடகைக்குக் கொடுத்தலாகாது” என்ற வாசகம் ஏறக்குறைய எப்பொழுதும் காணப்படும். அந்த வாசகம் இருக்க, அவர் நமக்கு எழுதித் தரும் தாள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. மேலேயுள்ள உறுதி அறுந்தால் கீழேயுள்ளதும் அதனோடு விழும்.

சட்டமும் இவ்விடயத்திலே கண்டிப்பாகவே நடந்துவந்துள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, 1942 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டிலே பிறந்தது. அதனைத் தொடர்ந்து 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, சொந்தக்காரரின் சம்மதத்தை முற்கூட்டியே எழுத்தில் பெறாமல் வாடகைக்காரர் கட்டிடத்தின் எப்பகுதியையும் கீழ்வாடகைக்குக் கொடுத்தலாகாது என விதித்தது. மீறிக் கொடுத்தால், வாடகைக்காரரையும் அவரிடம் இடம் பெற்றவரையும் ஒருங்கே வெளியேற்றும் தீர்ப்பைப் பெறச் சொந்தக்காரருக்கு உரிமை அளித்தது. அச்சட்டம் நாட்டிலுள்ள எல்லாக் கட்டிடங்களையும் தழுவியதன்று. விலக்குகள் பல அதற்கு உண்டு. ஆயினும் அது காட்டிய எச்சரிக்கை எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும்.

புடைவைக் கடைக்காரர் ஒருவர் விறாந்தையின் ஒரு பக்கத்தைத் தையற்காரருக்குக் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பத்து ஆண்டுகள் மனமொத்து வாழ்கின்றனர். சொந்தக்காரரும் தினமும் அவ்வழியே போய்வருகின்றார். சிலவேளை அத்தையற்காரரிடமே தம் சட்டையையும் தைப்பித்துக்கொள்கின்றார். எழுத்து மட்டும் இல்லை. ஒருநாள் சொந்தக்காரர் காலமாகிவிட, வெளியூரிலிருந்து வந்த மகன் கடையைத் திரும்பக் கேட்கின்றார். “உங்கள் தகப்பனார் அறிவார், பார்த்துக்கொண்டேயிருந்தார்” என்று இருவரும் கூறுவர். பார்த்துக்கொண்டிருந்தது எழுத்துச் சம்மதமாகுமா? சொன்னவர் போன பின் சொல்லுக்குச் சாட்சி யார்? சொந்தக்காரரின் கையொப்பத்தோடு மூன்று வரிக் கடிதம் ஒன்று இருந்திருப்பின் இந்தக் கேள்விகள் எழவே மாட்டா.

ஆகவே இடம் பெறுபவர், இடம் கொடுப்பவருடைய குத்தகை உறுதியைக் கண்ணாற் கண்டு, அதன் முடிவு நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஈராண்டில் முடியும் குத்தகையை வைத்திருப்பவர் நமக்கு ஐந்தாண்டுக்கு இடம் தருவேன் என்று கூறுவது, கடன் வாங்கிய குடையை நமக்குத் தானம் செய்வது போன்றதாகும்.

வாடகையா? இசைவா?

அடுத்து அறியவேண்டியது, இடம் பெற்றவரின் நிலை என்ன என்பதாகும். ஒருவர் பிறருடைய கட்டிடத்திலே இருந்து தொழில் செய்வதற்குச் சட்டம் இரண்டு வழிகளைக் காண்கின்றது. ஒன்று வாடகை அல்லது குத்தகை. அதாவது, குறித்த ஓர் இடத்தைத் தனதாக ஆளும் உரிமை. மற்றது வெறும் இசைவு. அதாவது, பிறருடைய ஆளுகையிலேயே இருக்கும் இடத்தில் வந்திருந்து வேலை செய்துகொள்ள அவர் தரும் உத்தரவு. சட்டத்தரணிமார் இதனை ‘லைசென்ஸ்’ என்பர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 10 ஆம் பிரிவு நல்ல உரைகல் ஒன்றைத் தந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி வாடகைக்குக் கொடுக்கப்பட்டது என்று கொள்வதற்கு நான்கு அம்சங்கள் ஒருங்கே இருத்தல் வேண்டும். அந்தப் பகுதி எல்லை குறித்த, தனியான பகுதியாக இருக்க வேண்டும். இடம் பெற்றவர் அதனைத் தாம் மட்டுமே அனுபவிக்க வேண்டும். அதற்காக வாடகை கொடுக்க வேண்டும். இடம் கொடுத்தவர் அப்பகுதியின்மேல் தமக்கிருந்த கட்டுப்பாட்டை விட்டிருக்க வேண்டும். ஓர் அறையைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டார் என்ற ஒரே காரணத்தால் எவரும் வாடகைக்காரர் ஆகிவிடமாட்டார்.

இதனை நடைமுறையிலே வைத்துப் பார்ப்போம். பலசரக்குக் கடையின் முன்மேசையில் இருந்து தொலைபேசி திருத்துபவர், கடை திறந்த பின் வந்து, கடை பூட்டுமுன் போகின்றார். திறப்பு கடைக்காரரிடமே இருக்கின்றது. மேசையை இன்று இங்கே, நாளை அங்கே என்று மாற்றக் கடைக்காரருக்கு அதிகாரம் உண்டு. இது இசைவு. அதே கடையின் ஒரு பகுதியைப் பலகைத் தட்டியால் மறைத்து, அதற்குத் தனிக் கதவும் தனிப் பூட்டும் இட்டு, திறப்பை இளைஞர் கையிலே கொடுத்து, மாதந்தோறும் குறித்த தொகையை வாங்கினால் அது கீழ்வாடகை. இடையிலே நின்று வேறுபாட்டைச் செய்தவை ஒரு பலகைத் தட்டியும் ஒரு திறப்புமே.

“நாங்கள் எழுத்திலே இசைவு என்றுதானே போட்டிருக்கின்றோம்” என்று சிலர் கூறக்கூடும். இட்ட பெயரால் பொருள் மாறிவிடுவதில்லை. நம் நீதிமன்றங்களிலே இங்கிலாந்துத் தீர்ப்புகளும் எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். அங்கே பிரபுக்கள் சபை 1985 ஆம் ஆண்டில் ஸ்றீற் எதிர் மவுண்ட்போர்ட் என்னும் வழக்கிலே இதே கேள்வியை ஆராய்ந்தது. ஒருவர் தம் அறையை மற்றவருக்குக் கொடுத்து, வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்புவதற்காகத் தாளிலே இசைவு என்று எழுதியிருந்தார். தீர்ப்பை வழங்கிய டெம்பிள்மன் பிரபு வேடிக்கையான உவமை ஒன்றைக் கூறினார். ஐந்து முள் வைத்து மண் கிளறும் கருவியைச் செய்த ஒருவன், தான் செய்தது மண்வெட்டியே என்று எவ்வளவு சாதித்தாலும், அது முள்ளுக் கருவியாகவே இருக்கும் என்பது அவ்வுவமையின் கருத்து. தனித்து அனுபவிக்கும் உரிமையைக் குறித்த காலத்துக்குக் கூலிக்குக் கொடுத்தால் அது வாடகையே என்று அவ்வழக்கு முடிந்தது.

இந்த வேறுபாட்டால் இரு பகுதியாருக்கும் நேரக்கூடியது பெரிது. நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலே, விற்பனைக்கு வாடகை முந்தும் என்பது பழைய விதி. கட்டிடத்தைச் சொந்தக்காரர் விற்றாலும், வாங்கியவர் குத்தகைக்காரரை ஏற்றே வாங்குகின்றார். வெறும் இசைவின்மேல் இருப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. இசைவு தந்தவர் கடையை விட்டுப் போனால் இசைவும் அவரோடு போகும். இடையிலே வாக்கை மீறினார் என்று அவரிடம் நட்டஈடு கேட்கலாமே தவிர, புதிதாக வந்தவரிடம் இடத்தைக் கேட்க முடியாது. அன்றியும், இசைவு பெற்று உட்புகுந்தவர், தம்மை உள்ளே விட்டவருக்கு இடத்தின் ஆட்சியுரிமை அந்நாளில் இருக்கவில்லை என்று பின்னர் வாதிடுவதையும் 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 116 ஆம் பிரிவினால் தடுக்கின்றது.

இடம் கொடுப்பவரின் பயம் வேறு வகையானது. இசைவு மட்டும் கொடுக்க நினைத்தவர், யோசனையின்றித் தட்டி அடித்துத் திறப்பையும் கொடுத்துவிட்டால், தாம் அறியாமலே கீழ்வாடகை கொடுத்தவராகித் தம் கடையையே இழக்கும் நிலைக்கு ஆளாகலாம். ஆகவே எது வேண்டுமென்று முன்னரே தீர்மானித்து, எழுதியபடி நடப்பும், நடப்புக்கேற்ற எழுத்தும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளல் இருவருக்கும் கடன்.

நொத்தாரிசு முன்னிலையில்

கந்தோர், இலாச்சி, துட்டு என்னும் சொற்களைப் போலவே நொத்தாரிசு என்னும் சொல்லும் ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றது. அவர்கள் 1796 இல் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆயினும் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அவர்களுடைய சட்டம் இங்கேயே நிலைத்தது. பின்னர் ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். நிலத்தையும் கட்டிடத்தையும் பற்றிய உரிமை எதுவும், எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளுக்குக் குறையாதோர் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்பது அதன் 2 ஆம் பிரிவின் கட்டளை. ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கும், விருப்பமுள்ளவரை என்று தரப்படும் குத்தகைக்கும் மட்டுமே விலக்கு உண்டு.

எனவே, “இரண்டு ஆண்டுக்குத் தந்தேன்” என்று கொப்பித் தாளிலே எழுதி முத்திரையொட்டிக் கொடுத்தது ஈராண்டுக் குத்தகை ஆகாது. இடத்தை ஆண்டு, வாடகையும் கொடுத்து வந்தால், அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். மாத வாடகை பொதுச் சட்டப்படி ஒரு மாத அறிவித்தலோடு முடியத்தக்கது. ஈராண்டை நம்பி அலுமாரிகளும் குளிர்சாதனமும் பொருத்தியவர் ஒரு மாதத்தில் வெளியேற நேர்ந்தால், அவருக்கு வரும் நட்டத்தை அந்த முத்திரை தாங்குமா?

உறுதி எழுதினால் மட்டும் போதாது. அதனைக் காணிப் பதிவகத்திலே பதிவதும் அவசியம். பதியாத உறுதியானது, அதே இடத்தின்மேல் மாறான உரிமையை விலை கொடுத்துப் பெற்றுப் பின்னர் பதிவு செய்துகொண்டவர் முன் வலுவிழந்து போகலாம் என்பது 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் விதி.

திருவெண்ணெய்நல்லூரிலே சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். முதியவராய் வந்த இறைவன் காட்டிய ஆளோலையை மணக்கோலத்தில் நின்ற நாயனார் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்று கூறிய முதியவர், அதனை அவையிலே காட்ட, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த அவையோர் வழக்கை அவர் பக்கமே தீர்த்தனர். இறைவனும் மூலத்தையும் படியையும் வேறாக வைத்தே வழக்குக்கு வந்தான். நம் நொத்தாரிசுமாரும் இதே முறையைக் கைக்கொள்கின்றனர். மூல உறுதி கட்சிக்காரரிடமும், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்திலும், மற்றொரு பிரதி நொத்தாரிசின் சேமத்திலும் இருக்கும். ஒன்று எரிந்தாலும் கிழிந்தாலும் மற்றது பேசும்.

இசைவு ஒப்பந்தம் கட்டிடத்திலே உரிமை எதனையும் கொடுக்காமையால் நொத்தாரிசு வேண்டாம் என்று வாதிக்கலாம். உண்மையான இசைவாயின் அது சரியே. ஆயினும் அதனையும் எழுத்திலே, இருவரும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது அறிவுடைமை. எழுத்து என்று வந்துவிட்டால், அதிலே இல்லாத வாய்ப்பேச்சைக் கொண்டு எழுத்தை மாற்ற முயல்வதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டம் பொதுவாக இடங்கொடாது. ஆகையால் பேசியது எல்லாம் எழுத்தில் வந்திருக்கின்றதா என்று பார்த்த பின்னரே பேனையை எடுக்க வேண்டும்.

பங்காளி ஆகிவிடாதீர்

இடம் பெற்றவர் குறித்த வாடகைக்குப் பதிலாக இலாபத்தில் ஒரு பங்கு தருவதும் உண்டு. தொழில் புதிதாயிருக்கையில் இது இலேசாகத் தோன்றும். ஆயின் இதிலே ஒரு பொறி இருக்கின்றது. 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் கூட்டு வியாபாரம் பற்றிய ஆங்கிலச் சட்டமே இங்கு வழக்கிலே வந்தது. இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுக் கூட்டு வியாபாரச் சட்டத்தின்படி, இடத்துக்குக் கூட்டாகச் சொந்தம் கொண்டாடுவதால் மட்டும் பங்காளிகள் ஆகிவிடமாட்டார். மொத்த வரவில் பங்கு பெறுவதும் அவ்வாறே. இலாபத்திலே பங்கு பெறுவதோ, மாறாக நிரூபிக்கப்படும்வரை, பங்காளி என்பதற்குச் சான்றாக நிற்கும். பங்காளி என்று வந்தபின் வியாபாரத்தின் கடனுக்கு மற்றவரும் பொறுப்பாளியாவார். தொலைபேசித் திருத்துநர் உதிரிப்பாகங்களுக்குப் பட்ட கடனுக்குப் பலசரக்குக் கடைக்காரரின் வாசலிலே கடன்காரர் வந்து நிற்கக்கூடும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. இருவரும் பங்காளிகள் அல்லர் என்று ஒப்பந்தத்திலே வெளிப்படையாக எழுதுக. பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டுப் புத்தகம், காசுப்பெட்டி, வங்கிக் கணக்கு, வியாபாரப் பெயர்ப் பதிவு ஆகியவற்றை வேறுவேறாக வைத்துக்கொள்க. இலாபத்திலே பங்கு என்பதை விட்டு, குறித்த தொகையாகக் கொடுக்க ஏற்பாடு செய்க.

இதற்கு எதிரான தந்திரமும் உண்டு. கீழ்வாடகையை மறைப்பதற்காகப் பொய்யாகக் கூட்டு வியாபார ஒப்பந்தம் எழுதுவோர் உளர். காசுப்பெட்டியின் திறப்பு யாரிடம், சரக்கை வாங்குபவர் யார், நட்டம் வந்தால் தாங்குபவர் யார் என்று நீதிமன்றம் கேட்கத் தொடங்கியதும் அத்தந்திரம் வெளியாகிவிடும்.

எவற்றை எழுதுவது?

பிணக்குகள் பெரும்பாலும் பெரிய விடயங்களிலே தொடங்குவதில்லை. மின்விசிறியிலும் மலசலகூடத்திலும் தொடங்குகின்றன. எனவே சிறியனவற்றை எழுத வெட்கப்படலாகாது. எந்த இடம், எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று சிறு வரைபடம் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். கடை திறக்கும் நேரம், பூட்டும் நேரம், திறப்பு எவரிடம் என்பவை தெளிவாயிருக்க வேண்டும். தனி மின்மானி இல்லையாயின் மின்சாரப் பட்டியலிலே யாருக்கு எத்தனை பங்கு என்பதும், தண்ணீர்க் கட்டணம், சோலைவரி, துப்புரவு ஆகியவற்றை யார் பொறுப்பது என்பதும் எழுதப்படல் வேண்டும். பொற்கொல்லரின் பட்டறையிலே நெருப்பும் அமிலமும் உண்டு. புடைவைக் கடையிலே பஞ்சும் நூலும் உண்டு. ஒரு தொழிலின் புகையோ ஓசையோ மற்றத் தொழிலைக் கெடுக்காதிருக்க விதி வேண்டும். ஒருவர் விற்கும் பொருளை மற்றவர் விற்பதா, கூடாதா என்பதையும் முன்னரே பேசி முடிப்பது நன்று.

காப்புறுதியை மறக்கலாகாது. கட்டிடத்தினுள்ளே வேறொரு தொழில் நடப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியாதிருந்துவிட்டு, தீ விபத்தின் பின் நட்டஈடு கேட்டால் வழக்காடவே நேரும். அவரவர் சரக்குக்கு அவரவர் காப்புறுதி எடுப்பதே முறை.

பலர் அறியாத ஆபத்து இன்னொன்று உண்டு. வாடகை நிலுவையாய் நின்றால், கடையிலுள்ள பொருள்களின்மேல் கட்டிடச் சொந்தக்காரருக்கு ஒரு பிணையுரிமையை உரோமன் ஒல்லாந்தச் சட்டம் தருகின்றது. இடம் கொடுத்தவர் வாடகை கட்டாமல் விட, இடம் பெற்றவருடைய தையல் இயந்திரமும் அந்தப் பிடிக்குள் அகப்படும் சந்தர்ப்பம் உண்டு. தமது பொருள்கள் இவை என்று பட்டியலொன்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவது இதற்குத் தக்க காவலாகும். அன்றியும், இடம் கொடுத்தவர் வாடகையைத் தவறவிட்டால் இடம் பெற்றவரே அதனைச் சொந்தக்காரரிடம் நேரே செலுத்தித் தம் கணக்கிலே கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வாசகம் சேர்க்கலாம்.

முற்பணம் எவ்வளவு, எப்பொழுது திருப்பப்படும், எதற்காகக் கழிக்கப்படலாம். இடம் பெற்றவர் பொருத்திய அலுமாரியும் விளக்கும் யாருக்கு. விலகுவதற்கு எத்தனை மாத அறிவித்தல். ஒருவர் இறந்தால் அவர் மனைவி மக்கள் தொழிலைத் தொடரலாமா என்பன இறுதியாக எழுதவேண்டியவை. கொடுத்த பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குவது பழக்கமாகிவிட வேண்டும்.

மனம் முறிந்தால்

இவ்வளவு செய்தும் மனக்கசப்பு வருதல் உலக இயல்பு. அப்பொழுது எவரும் செய்யக் கூடாத காரியம், இரவோடிரவாகப் பூட்டை மாற்றுதல். இடத்தை ஆண்டுகொண்டிருப்பவரை நீதிமன்றத்தின் கட்டளையின்றிப் பலவந்தமாக வெளியேற்றுவதைச் சட்டம் பொறுப்பதில்லை. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வழக்கு நீதிமன்றத்துக்கு வரலாம். அறிக்கை தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதத்துள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று கண்டால், அவரைத் திரும்ப இடத்திலே அமர்த்த நீதவான் கட்டளையிடலாம். வெளியேற்றப்பட்டவரும் அந்த இரண்டு மாதத்தை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். “பேசிப் பார்ப்போம், பெரியவர்கள் தீர்ப்பார்கள்” என்று மூன்றாம் மாதத்தை எட்டிவிட்டால் அந்த வாயில் அடைபட்டுவிடும். பின்னர் மாவட்ட நீதிமன்றத்தை நாடி நெடுநாள் காத்திருக்க வேண்டியதுதான்.

காலம் முடிந்தும் வெளியேறாத குத்தகைக்காரரால் துன்புறும் சொந்தக்காரருக்கும் இப்பொழுது வழி பிறந்துள்ளது. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட குத்தகை முடிந்தபின் கட்டிடத்தை மீளப்பெறுவதற்குச் சுருக்கமான நடைமுறை ஒன்றை ஏற்படுத்தியது. முறைப்படி எழுதியவருக்கே இந்த நன்மை என்பதையும் கவனித்தல் வேண்டும்.

சிறு தொகைப் பிணக்குகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. அங்கே அதிக செலவின்றி, ஊர்ப் பெரியோர் முன்னிலையிலே இணங்கிப் போகலாம். ஒப்பந்தத்திலேயே, பிணக்கு வந்தால் முதலில் இன்னாரிடம் பேசித் தீர்ப்போம் என்று இருவருக்கும் பொதுவான ஒருவரைக் குறித்துவைத்தல் இன்னும் நன்று. சட்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் உறுதியைக் காட்டி ஆலோசனை பெறுவதும் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி பெரிதாகத் தோன்றுமாயின், கொடுக்கப் போகும் முற்பணத்தை அதனோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சொந்தத்துள் எழுத்தா?

“அவர் என் மைத்துனர், அவரிடம் போய் எப்படி எழுத்துக் கேட்பது?” என்று தயங்குவோர் பலர். கடைகளிலே இடம் பகிர்வோர் பெரும்பாலும் உறவினரும் ஊரவருமே என்பதால் இத்தயக்கம் இயல்பானதே. ஆயின் நம்மவர் வேறொரு காரியத்திலே என்ன செய்கின்றனர்? பெற்ற மகளுக்குக் காணியும் வீடும் சீதனமாகக் கொடுக்கும்பொழுது, தாயும் தந்தையும் நொத்தாரிசை வரவழைத்துச் சீதன உறுதி முடிக்கின்றனர். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையிலே எழுத்தா என்று அங்கே எவரும் முகஞ் சுளிப்பதில்லை. அவ்வெழுத்து மகளை ஐயுற்று எழுதியதன்று. தாம் இல்லாத காலத்திலும் அவள் வீடு அவளுக்கே இருக்க வேண்டும் என்று எண்ணி எழுதியது.

கடையின் மூலையிலே மேசை போட்டுப் பிழைக்கும் தம்பிக்கும் ஒரு வீடு உண்டு. அந்த மேசையை நம்பிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உண்டு. அவருக்கு இடம் கொடுத்த அண்ணைக்கும் அவ்வாறே. சித்திரைப் புத்தாண்டிலே பிள்ளையார் சுழியிட்டுப் புதுக்கணக்குத் தொடங்கும் நம் வியாபாரிகள், அந்த நல்ல நாளிலேயே இருவருமாக அமர்ந்து, சொந்தக்காரரின் சம்மதக் கடிதத்தையும் தங்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக. இல்லாதவர்கள், அடுத்த வாரமே நொத்தாரிசின் கந்தோருக்குப் போக ஒரு நாளைக் குறிப்பாராக.